சகாயம் செட்டின் இரைச்சல்

சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அந்தப் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார் முருகேசன். அடித்தகட்டின் திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்று என் சட்னிக் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தன. கடைசித் திருகு கழன்று தகடு விலகியதும் ஒரு வாசனை வந்தது. சூடு கண்ட தூசி, அரக்கு, உருகிய மெழுகு, அதோடு தோணிக்கு அடிக்கிற பெயின்ட்.

நான் அடுக்களையில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதிலோடு அப்படியே வாசலில் வந்து நின்றுவிட்டேன். என் கணவர் சகாயம் வீட்டுக்குள் வந்தால் முதலில் இந்த வாசனைதான் வரும். ஆள் அதற்குப் பின்னால் வருவார்.

“அக்கா, கிட்ட வராதிய,” என்றார் முருகேசன். “பிளக்கைப் பிடுங்கினாலும் இதுக்குள்ள கரண்டு நிக்கும்.”

“தெரியும் தம்பி. நான் இதோட குடும்பம் நடத்தினவ.”

முருகேசன் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் வயர்லெஸ், மீன் கூட்டம் காட்டும் கருவி எல்லாம் பழுதுபார்ப்பவர். ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயல்காட்டுக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்துபோனது என் மகள் ஜெனோவா கூப்பிட்டதால். என் மீன் குழம்புக்காகவும்தான் என்று நான் சொன்னால் அவர் மறுக்கமாட்டார்.

ஜெனோவா பக்கத்தில் நின்று செல்போன் வெளிச்சத்தைப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி என்றால் மைக் செட்டுக்கான வால்வு ஆம்ப்ளிபயர். சகாயம் வைத்துவிட்டுப் போனது. அதைக் கிட்டார் ஆம்ப்ளிபயராக மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமானால் அதிலிருந்து எந்நேரமும் வருகிற ஓர் இரைச்சலை முதலில் எடுக்க வேண்டும்.

அந்த இரைச்சலை எடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதை இரண்டு பேரிடமும் நான் சொல்லவும் இல்லை.

வீட்டார் கவனத்திற்கு

போன வாரம் இந்தப் பத்தியில், துறைமுக டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தபோது வந்த ராங் நம்பர்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, “ஊரார் குரலையெல்லாம் எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் ஏன் மூச்சு விடுவதில்லை?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. முகத்தை எழுதலாம், நடையை எழுதலாம். அவரிடம் எனக்குப் பிடித்தது குரல். அதை எழுத எனக்குத் தெரியவில்லை, அதனால் தள்ளிப்போட்டு வந்தேன்.

பகலில் அவர் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குப் பெயின்ட் அடிப்பார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய மரத்தோணிகள். திருவிழாக் காலம் வந்தால் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு மைக் செட் போடக் கிளம்பிவிடுவார். ‘சகாயம் ஒலி, ஒளி’ என்று போர்டு. ஒளி என்று எழுதியிருந்தாரே தவிர, எங்களிடம் இருந்தவை சில டியூப் லைட்டுகள். அவற்றிலும் பாதி கண் சிமிட்டும்.

மைக்கைப் பிடித்துவிட்டால் அவருடைய தமிழே மாறிவிடும். வீட்டில் “ஏளா, அந்தச் சட்டைய எங்கன வச்ச?” என்று கேட்கிற மனிதர், மைக்கில் “அன்பார்ந்த இறைமக்களே, ஒரு குழந்தை கண்டெடுக்கப்பட்டு மேடையருகே வைக்கப்பட்டுள்ளது” என்பார். குழந்தையை அல்ல, யாரோ மறந்து விட்டுப்போன குடையை வைத்திருப்பது போல இருக்கும்.

சாவிக்கொத்து, கொலுசு, தண்ணீர் லாரி, மறுநாள் அசன விருந்து நேரம் என்று எல்லா அறிவிப்பும் முடிந்த பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வார். அடுத்தது எனக்கான அறிவிப்பு.

“வீட்டார் கவனத்திற்கு. இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவேன். வெந்நீர் போட்டு, சோறு எடுத்து வைக்கவும்.”

நாலு திசைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களில் நாலு தெருவுக்கும் இது போகும். கரை ஏறிக்கொண்டிருக்கும் வள்ளத்துக்காரர்களுக்கும் கேட்கும். மறுநாள் காலை தெருக்குழாயடியில் நான் குடத்தை வைக்குமுன்பே ஆரம்பித்துவிடுவார்கள். “என்ன லூர்து, வெந்நீரு கொதிச்சிட்டா?”

எனக்கு மானம் போகும். வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொள்வேன்.

“ஊருக்கெல்லாம் கேக்கும்படியா உங்களுக்கு என்ன வெந்நீரு?”

“ஊருக்குக் கேட்டாத்தான உனக்குக் கேக்கும். மேடையில இருந்து வீட்டுக்கு வேற என்ன வழி இருக்கு?”

“நீங்க பாட்டுக்கு அங்கன இருந்து சொல்லிருவிய. நான் பதில் சொல்ல வேண்டாமா?”

“உனக்கும் ஒரு மைக்கு வாங்கிப் போட்டுருதேன், விடு,” என்பார்.

வாங்கிப் போடவில்லை. அவருடைய மைக்கைத் தொடவும் யாரையும் விடமாட்டார். எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் பேசிவிட்டு வருவேன். எங்கள் வீட்டு மைக்கில் ஒரு வார்த்தை நான் பேசியதில்லை.

உலை வைக்கும் நேரம்

இரைச்சலுக்கு வருகிறேன்.

வால்வு செட் என்பது சுவிட்ச் போட்டதும் பேசிவிடுகிற ஜாதி இல்லை. முதலில் சூடேற வேண்டும். உள்ளே கண்ணாடிக் குப்பிகளில் கம்பி மெல்லச் சிவக்கும். பெரிய வால்வுகள் இரண்டும் ஊதிவிட்ட கங்கு போல ஆனதும், குழாயில் ‘ம்ம்ம்’ என்று கிளம்பும். எல்லா செட்டிலும் கொஞ்சம் இருக்கும். எங்கள் செட்டில் மட்டும் அது அளவுக்கு மீறி இருந்தது. தெருவில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து பார்க்கும். “சகாயம் செட்டுக்கு உசிரு வந்துட்டு” என்பார்கள்.

குகை போலக் கட்டிய மாதா கெபியின் திருவிழாவில் செபமாலை தொடங்கினால் கோயில் உபதேசியார் செட்டை அணைக்கச் சொல்லிவிடுவார். அந்த இரைச்சலுக்கு நடுவே மாதாவுக்கே காது கேட்காது என்று சொல்வாராம். செபமாலை முடிந்ததும் சகாயம் மறுபடி சுவிட்சைப் போடுவார். இரைச்சல் வரும். அதற்குப் பிறகு கடைசி அறிவிப்புகள், அப்புறம் வீடு.

அதனால் இரைச்சல் கேட்டதும் நான் உலை வைத்துவிடுவேன். அவர் ‘வீட்டார் கவனத்திற்கு’ என்று சொல்லும்போது அரிசி கொதித்துக்கொண்டிருக்கும். ஊருக்குத் தெரிந்தது அறிவிப்பு. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது இரைச்சல். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. தானாக அப்படி ஆகிவிட்டது.

பெயின்ட்காரர் புத்தி

அந்த இரைச்சலுக்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் காற்றுக்கு இரும்பு என்றால் ஆகாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். ஜன்னல் கம்பி, சைக்கிள், அரிவாள்மணை எதையும் விட்டுவைக்காது. தோணிக்காரர்கள் அறிந்த ஒரே மருந்து பெயின்ட். ஆணித்தலை வெளியே தெரிந்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

சகாயமும் அந்தக் கூட்டம்தானே? ஒவ்வொரு வருடமும் ஈஸ்டர் கழிந்ததும் செட்டைத் திறந்து, வால்வுகளைத் துணியில் சுற்றி என் மடியில் கொடுத்துவிட்டு, உள்தகடு முழுக்க பெயின்ட் அடிப்பார். எந்தத் தோணியில் மிச்சம் வந்ததோ அந்த நிறம். வயர்களை எல்லாம் தகட்டோடு சேர்த்துப் பிடிக்கிற எர்த் திருகுகள் சில உண்டு. அவற்றையும் கழற்றி, அடியில் அடித்து, காய்ந்த பிறகு மறுபடி முடுக்குவார். வேலையில் அரைகுறை அவருக்குப் பிடிக்காது.

ஒருமுறை ரேடியோ மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, எர்த்துன்னா இரும்போட இரும்பு ஒட்டணும். நடுவுல பெயின்ட் இருந்தா இரையத்தான் செய்யும். அதைச் சுரண்டுங்க.”

“சுரண்டினா உப்புக்காத்து தின்னுரும்.”

“தின்னாத் தின்னட்டும், சத்தம் சுத்தமா வரும்லா.”

அவர் போன பிறகு சகாயம் என்னிடம் சொன்னார். “இரையுதுன்னா உசிரோட இருக்குன்னு அர்த்தம். உசிரு உள்ளது எது சும்மா இருக்கு?” சொல்லிவிட்டு அந்த வருடம் இன்னொரு கோட் கூடுதலாகவே அடித்தார்.

வீடியோவில் இல்லாதவர்

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மார்வலி. தோணியின் சாரத்திலிருந்து இறங்கி, நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம், மாதப் பூசை எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் குரல் எங்கேயும் இல்லை. ஊர் முழுக்கக் கேட்ட குரலை யாரும் பதிந்து வைத்திருக்கவில்லை. செல்போனில் அவர் எடுத்த படங்கள் ஏராளம். எடுத்தவர் என்பதால் எதிலும் அவர் இல்லை. அவர் மைக் செட் போட்ட கல்யாணங்களின் வீடியோக்களைத் தேடித் தேடி வாங்கிப் பார்த்தேன். வீடியோக்காரர்கள் எங்கள் சத்தத்தை எடுத்துவிட்டு, ஏதோ சினிமாப் பாட்டை ஒட்டியிருந்தார்கள். ஒரு வீடியோவில் மேடை ஓரத்தில் மைக்கோடு நிற்கிறார், வாய் அசைகிறது, பின்னால் வயலின் வாசிக்கிறது. நான் அந்த வீடியோக்காரனைத் திட்டாத வார்த்தை இல்லை.

மிஞ்சியது செட் மட்டும். அலமாரிக்கு மேல், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் குடில் பொம்மைப் பெட்டிக்கும் நடுவே இருந்தது. ஜெனோவா வேலைக்குப் போன பிறகு அதைக் கீழே இறக்குவேன். சோதித்துப் பார்க்க அவர் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியை மாட்டுவேன். சுவிட்சைப் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பேன். வால்வு சிவக்கும். ‘ம்ம்ம்’ என்று வரும்.

அதற்குப் பிறகு ஒன்றும் வராது. வராது என்று தெரிந்தும் என் கை நின்றுவிடும். அடுத்து அவர் தொண்டையைச் செருமவேண்டிய இடம் அது. அந்த இடத்தைத் தாண்டி எனக்குப் போகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அணைத்துவிடுவேன்.

ஜெனோவாவின் கிட்டார்

என் மகள் ஒரு கன்டெய்னர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். அவளிடம் ஒரு சின்ன ஆம்ப்ளிபயர் இருந்தது. தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். அவளுக்கு வால்வு சத்தம் வேண்டும். அழுத்தி வாசித்தால் கமறி, தொட்டு வாசித்தால் குழைகிற சத்தமாம். போனில் யார் யாரோ வாசிப்பதைப் போட்டுக் காட்டினாள்.

“எம்மா, அப்பா செட்டும் வால்வுதான. அத மாத்திருவோமா? இந்தத் தடவை கெபித் திருவிழாவுக்கு அதுலயே வாசிக்கேன். சும்மா தூசி அடைஞ்சி கிடக்கதுக்கு அது பேசட்டுமே.”

எப்படி மாட்டேன் என்பது? அப்பாவின் செட்டில் வாசிக்க ஆசைப்படுகிற பிள்ளையிடம், எனக்கு அதன் இரைச்சல் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? சரி என்றேன்.

முருகேசன் சுறுசுறுப்பாக ஆரம்பித்தார். ஒரு ரெசிஸ்டரை வயரில் கட்டி, உள்ளே தேங்கியிருக்கிற மின்சாரத்தை முதலில் வடியவிடுவார். சகாயம் இதற்கு ஸ்க்ரூ டிரைவரை வைத்து ‘டப்’பென்று பொறி பறக்க விடுவார், நான் இயேசுவே என்பேன். பழைய இரண்டு பின் வயரை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று பின் வயர் போட்டார். ரெக்கார்டு பிளேயர் மாட்டுகிற துளையைக் கிட்டாருக்கு மாற்றினார். கிட்டார் கம்பியிலிருந்து வருவது மிக மெல்லிய மின்சாரமாம், அதை நசுக்காமல் முதல் வால்வுக்குள் விட வேண்டுமாம். அதற்கென்று சில பாகங்களை மாற்றினார். மைக் துளையை அப்படியே விட்டுவைத்தார். பின்பக்கம் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் கிட்டாருக்கான மர ஸ்பீக்கர் பெட்டி, மறுபக்கம் தள்ளினால் பழைய குழாய். திருவிழா அறிவிப்புக்கும் ஆகட்டுமே என்றார்.

எல்லாம் முடித்து முதன்முதலாகச் சுவிட்சைப் போட்டபோது, வால்வுகள் சிவந்தன. ‘ம்ம்ம்’ என்றது.

ஜெனோவா கம்பியைத் தொட்டாள். இரைச்சலுக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல ஏதோ கேட்டது. முருகேசனின் முகம் சுருங்கியது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

மீட்டருக்குத் தெரியாதது

அதற்கடுத்த ஞாயிறுகள் எனக்கு நல்ல ஞாயிறுகள். முருகேசன் மின்சாரத்தை வடிகட்டும் பெரிய கண்டென்சர்களை மாற்றினார். இரைந்தது. சின்ன வால்வை மாற்றினார். இரைந்தது. வயர்களைப் பின்னிப் பார்த்தார், பிரித்துப் பார்த்தார். சகாயம் செட் எதற்கும் மசியவில்லை. எர்த் திருகுகளில் மீட்டர் முனையை வைத்துப் பார்ப்பார், அது ‘பீப்’ என்று கத்தும். “எர்த்து நல்லாத்தான் இருக்கு” என்பார். மின்சாரம் போக ஒரு தடம் இருந்தால் போதும், அது நல்ல தடமா நைந்த தடமா என்று மீட்டர் பார்ப்பதில்லை. திருகின் மறைப்புரி வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது, அதற்கே கத்திவிட்டது.

நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

திருவிழா நெருங்கிவிட்டது. கெபிக்கு முன்னால் பந்தல்கால் நட்டுவிட்டார்கள். அந்த ஞாயிறு முருகேசன் சாப்பிடாமலேயே கையைத் துடைத்தார்.

“ஜெனோவா, இனி இதுல மண்டைய உடைச்சிப் புண்ணியம் இல்ல. வெளிப்பெட்டிய மட்டும் வச்சிக்கிடுவோம். உள்ள உள்ளதப் பூரா எடுத்துப் போட்டுட்டு புது போர்டு வச்சித் தாரேன். சத்தம் கண்ணாடியா வரும்.”

“வால்வு?”

“அது எதுக்கு? அலமாரியில அழகுக்கு வையி.”

ஜெனோவா தரையில் உட்கார்ந்து, கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவள் அப்பாவுக்கும் கோபம் வராது, வருத்தம் வந்தால் எதையாவது மூடி வைப்பார். எனக்கு அங்கேயே மனது விட்டுப்போயிற்று.

“தம்பி, அந்தத் திருகுக்கு அடியில பெயின்ட் இருக்கு,” என்றேன்.

“எந்தத் திருகு?”

“எர்த்துத் திருகு எல்லாத்துக்கும். வருசா வருசம் கழத்தி அடிச்சிருக்காரு. இரும்போட இரும்பு ஒட்டவே இல்ல.”

முருகேசன் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “எர்த்துக்கு அடியில பெயின்ட் அடிச்ச ஆள இந்த ஊருலதான் பாக்க முடியும். ஏன்க்கா, இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?”

ஜெனோவா எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?”

“தெரியும்.”

“பொறவு ஏன் சொல்லல?”

சொன்னேன். வெங்காயம் உரிப்பதையும் சொன்னேன், கை நிற்கிற இடத்தையும் சொன்னேன். முருகேசன் மெல்ல எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல அடுக்களைக்குள் போய்விட்டார்.

ஜெனோவா சொன்னாள். “அப்பம் அப்படியே இருக்கட்டும்மா. நான் என் பழைய டப்பாவிலயே வாசிச்சிக்கிடுதேன். அது உங்களுக்கு இரையட்டும்.”

அவள் மனதாரத்தான் சொன்னாள். ‘சரி’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், செட் அலமாரிக்கு மேல் ஏறியிருக்கும். நாளைக் காலை நான் இறக்கிக்கொள்ளலாம். இரைச்சல் வரும். கை நிற்கும். மறுநாளும் அதுதான். அதற்கடுத்த நாளும்.

“இரைச்சல வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?” என்றேன். “அதுக்குப் பொறவு ஒருத்தர் பேசணும்லா. எத்தன வருசமாக் காத்துக் கிடக்கேன், பேசலியே.”

சுரண்டல்

நானே செய்கிறேன் என்று சொன்னேன். அவருடைய பெயின்ட் சாமான்கள் கிடந்த வாளியிலிருந்து சுரண்டுகிற தகட்டை எடுத்து வந்தேன். முருகேசன் திருகுகளைக் கழற்றிக் கொடுத்தார்.

மேலே நீலம். அவர் கடைசியாக அடித்த தோணியின் நீலம். அதைச் சுரண்டினால் வெள்ளை. வெள்ளைக்கு அடியில் பச்சை, எங்கள் கொல்லைக்கதவுக்கும் அடித்த பச்சை. பிறகு ஒரு கறுப்பு, அதற்கடியில் எண்ணிக்கை விட்டுப்போன எத்தனையோ நிறங்கள். அதற்கும் கீழே சிவப்பு வந்ததும் தகட்டை வைத்துவிட்டேன். ஜெனோவா பிறந்த வருடத்துச் சிவப்பு. தொட்டிலுக்கும் அதையே அடித்தார், பிள்ளை நக்கிவிடுவாள் என்று நான் போட்ட சண்டை தெருக்கோடி வரை கேட்டது.

“இந்தச் செவப்பா?” என்று ஜெனோவா விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இதேதான். நீ நக்கத்தான் செஞ்ச.”

சிவப்பையும் சுரண்டினேன். அடியில் இரும்பு புதிதாக மின்னியது. இத்தனை பெயின்ட்டுக்குக் கீழே ஒரு துளி துரு இல்லை. அவர் சொன்னதும் சரிதான். உப்புக் காற்றை உள்ளே விடவே இல்லை மனிதர். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திருகுகளை முடுக்கி, சுவிட்சைப் போட்டார் முருகேசன். வால்வுகள் சிவந்தன. நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தெருவில் ஐஸ்காரர் மணி அடிப்பதும், பக்கத்து வீட்டில் இட்லி மாவு ஆட்டுகிற கிரைண்டரும் கேட்டன.

அப்போது ஜெனோவா கிட்டாரை மீட்டினாள்.

அந்தச் சத்தத்தைச் சொல்ல எனக்கு வராது. வெந்நீரில் முதல் செம்பை மேலே ஊற்றிக்கொள்ளும்போது உடம்பு ஒரு சொல் சொல்லுமே, அதைப்போல இருந்தது. நல்ல சத்தம். என் பிள்ளையின் முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குள் என்னவர் இல்லை. எழுந்து அடுக்களைக்குப் போய், ஏற்கெனவே கழுவிய சட்டியை மறுபடி கழுவினேன்.

தெருக்கோடி வரை

திருவிழா அன்று பொழுது சாய்கிற நேரம். கெபிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சின்ன மேடையில் சகாயம் செட். பக்கத்தில் ஜெனோவா உட்கார்ந்து கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் மாதாவுக்குப் பூச்சரம் கட்டிக் கொண்டுபோயிருந்தேன்.

முருகேசன் பின்பக்கச் சுவிட்சைக் குழாய்ப் பக்கம் தள்ளினார். “தெருக்கோடிக் கம்பத்துல கட்டின குழாய் வேலை செய்யுதான்னு நான் அங்கன போய்ப் பாக்கணும். யாராவது மைக்குல பேசிக்கிட்டே இருங்க.”

ஜெனோவாவின் கை கிட்டாரில் இருந்தது. நாற்காலிக்காரர்கள் தலையில் நாற்காலி இருந்தது. முருகேசன் சுற்றிலும் பார்த்துவிட்டு மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

“நான் என்னத்தப் பேச?”

“ஒண்ணு, ரெண்டு சொல்லுங்கக்கா. எதையாவது பேசுங்க.”

மைக் நான் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. அவர் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம் வழுவழுவென்று என் கைக்கு வந்தது. “ஒண்ணு,” என்றேன். என் குரல் தலைக்கு மேல் போய், தெருவைத் தாண்டி எங்கேயோ விழுந்தது. இரைச்சல் இல்லாததால் ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. “ரெண்டு.”

மூன்று சொல்ல வரவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் கடல் கறுத்துக்கொண்டிருந்தது.

“வெந்நீரு போட்டாச்சி,” என்றேன்.

ஜெனோவாவின் விரல் கம்பியில் அப்படியே நின்றது.

“சோறும் எடுத்து வச்சாச்சி. சாளைக் குழம்பு. ஆறிக்கிட்டு இருக்கு.” மைக்கை இன்னும் வாயருகே கொண்டுபோனேன். “நீங்க எப்பம் வாறிய?”

ஒருத்தியின் குடம் நிறைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவள் அதை எடுக்கவில்லை. தெருக்கோடியில் கம்பத்துக்கு அடியில் நின்ற முருகேசன் தலையை அண்ணாந்து குழாயைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

“கேக்குதுக்கா!” என்று கத்தினார். “இங்கன வரைக்கும் நல்லாக் கேக்குது!”